முத்துத்தாயின் பாட்டில்

நான் கையெழுத்துப் போட்ட காகிதங்களில் மூன்றை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது. மூன்றிலும் ஒரே வரி: "புழு இல்லை, முட்டை இல்லை, அமீபா இல்லை." கீழே என் பெயர், சௌந்தரபாண்டியன். வருஷம் 1974. அருப்புக்கோட்டையில் டாக்டர் ராஜகுருவின் கிளினிக்கில், பின்பக்க அறையில் உட்கார்ந்து மைக்ரோஸ்கோப் பார்ப்பது என் வேலை.

மூன்றும் முத்துத்தாய் என்ற ஒரே பெண்ணுக்கான ரிப்போர்ட். பரளச்சிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில், சொந்தக் காடு வைத்து விவசாயம் பண்ணுகிற சம்சாரி வீட்டு மருமகள். முப்பது வயசு இருக்கும், இடுப்பில் கைக்குழந்தை. மூச்சிளைப்புக்காக டாக்டர் எழுதிக்கொடுத்த சின்ன வெள்ளை மாத்திரையை ஒன்றரை வருஷமாகத் தினமும் விழுங்கி வந்தாள். அது ஸ்டீராய்டு. இளைப்பை அமுக்கும், நோயை எதிர்க்கிற சக்தியையும் சேர்த்து அமுக்கும். மாத்திரையால் முகம் உப்பியதும், பெண்டாட்டிக்கு உடம்பு தேறிவிட்டது என்று புருஷன் வெள்ளத்துரைக்குச் சந்தோஷம். அப்புறம் வயிறு பிடித்துக்கொண்டது. வலி, வாந்தி, ரத்தமும் சீதமுமாகப் போக்கு. இரண்டே மாசத்தில் முகம் மட்டும் உப்பியிருக்க, கையும் காலும் குச்சியாகிவிட்டன.

டாக்டர் அவள் வயிற்றை அழுத்திப் பார்த்தார். ஆனால் கேள்வியெல்லாம் புருஷனிடம்தான் கேட்டார். எத்தனை தடவை போகிறாள், வலி எங்கே, எல்லாவற்றுக்கும் வெள்ளத்துரையே ஒரு குத்துமதிப்பாகப் பதில் சொன்னார். மலம் பார்க்க வேண்டும் என்றதும் நான் பாட்டிலை எடுத்து வெள்ளத்துரை கையில்தான் கொடுத்தேன். மறுநாள் அவர் கொண்டுவந்தார், நான் பார்த்தேன், ஒன்றும் இல்லை என்று எழுதினேன். கிருமி இல்லையென்றால் பெருங்குடல் அழற்சிப் புண் என்று டாக்டர் முடிவு கட்டினார். அந்தப் புண்ணுக்கும் அதே வெள்ளை மாத்திரைதான் மருந்து. அளவை இரட்டிப்பாக்கினார். அவள் இன்னும் மோசமானாள். மறுபடி பாட்டில், மறுபடி என் கையெழுத்து, மறுபடி மாத்திரை கூடியது. இப்படி மூன்று தடவை.

மூன்றாவது ரிப்போர்ட் போன மறுநாள் மல்லாங்கிணற்றுக்காரர் ஒருவருடையதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கத்தில் யாருடையதைப் பார்த்தாலும் கம்புத் தோலோ சோளத் தோலோ கண்ணில் படாமல் இருக்காது. முத்துத்தாயுடையதில் ஒரு தடவைகூட அதைப் பார்த்த ஞாபகம் இல்லை. பால் கொழுப்பு உருண்டை உருண்டையாக இருந்தது, அவ்வளவுதான். ரத்தமாகப் போகிறது என்று சீட்டில் எழுதியிருக்கிறது, ரத்த அணு ஒன்றுகூட இல்லை. அப்போதுதான் பிடிபட்டது. அது பால் குடிக்கிற குழந்தையின் மலம். மூன்று தடவை பார்த்தும் உறைக்காத நானெல்லாம் ஒரு டெக்னீஷியன்.

டாக்டரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். கண்ணால் பார்க்காமல் மருந்தை மாற்ற மாட்டேன், வேண்டுமானால் இன்னொரு பாட்டில் வரட்டும் என்றார். அதே வழியில் வருகிற நாலாவது பாட்டில் மட்டும் என்ன சொல்லிவிடப் போகிறது? எனக்கு வந்த கோபத்தில் மைக்ரோஸ்கோப்பைப் பெட்டியில் வைத்துத் தூக்கிக்கொண்டேன். கிளினிக் ஆயா குருவம்மாளைத் துணைக்குக் கூப்பிட்டுக்கொண்டு பரளச்சி பஸ் ஏறினேன்.

விஷயத்தைக் கேட்டதும் வெள்ளத்துரை என்மேல் பாய்ந்தார். அவள் கொடுத்ததை அப்படியே கொண்டுவந்தேன், நான் என்ன களவாணியா என்றார். அவருடன் நான் வாசலில் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போதே குருவம்மாள் உள்ளே போய்விட்டாள். திரும்பி வந்தபோது அவள் முகம் சரியில்லை.

"தம்பி, அந்தப் பிள்ள சொல்றதக் கேளுங்க. தாலி கட்டுனவுக கையில அதை எப்படிக்கா குடுக்கிறதுங்கிறா. கைப்பிள்ளையோடதுன்னா யாரு தொட்டாலும் கேவலமில்லயாம். அதான் தன் கைப்பிள்ளையோடத அள்ளிக் குடுத்துவிட்டிருக்கா."

யாரைத் திட்டுவது? விடியுமுன்னே கருவேலங்காட்டுக்குப் போய், ஒரு கண்ணிலும் படாமல் திரும்பி வருகிற பெண்கள் உள்ள ஊர் அது. இந்த இரண்டு மாசமும் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு அந்தக் காட்டுக்குத்தான் போய் வந்திருக்கிறாள். எத்தனை தடவை என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. இதெல்லாம் எனக்குத் தெரியாதா? நானும் இந்தச் சீமையில் பிறந்தவன்தானே? பாட்டிலைப் புருஷன் கையில் கொடுத்தவன் நான்தானே?

குருவம்மாள் மாட்டுக்கொட்டத்து மூலையில் படுதா கட்டி, புதுப் பாட்டிலில் வாங்கி வந்தாள். உரலைக் கவிழ்த்துப் போட்டு மைக்ரோஸ்கோப்பை அதன்மேல் வைத்தேன். அடிக்கண்ணாடியை வெளிச்சத்துக்குத் திருப்பிக் கண்ணை வைத்தேன். நெளிந்தன. உயிருள்ள குஞ்சுப் புழுக்கள், எண்ணி மாளாது. வெறுங்காலில் தோலைத் துளைத்துக்கொண்டு ஏறுகிற புழு அது. உடம்பில் சக்தி இருக்கிறவரை வருஷக்கணக்கில் குடலுக்குள் வாலைச் சுருட்டிக்கொண்டு கிடக்கும். மாத்திரை அந்தச் சக்தியை அமுக்கியதும் பெருகிவிட்டது. நாங்கள் மாத்திரையைக் கூட்டக் கூட்ட அதுவும் கூடியிருக்கிறது.

வெள்ளத்துரையையும் பார்க்கச் சொன்னேன். பார்த்துவிட்டு விலகி நின்றார். அப்புறம் என்னைத் தனியாக இழுத்து, இது வெளியே தெரிய வேண்டாம், அவள் வயிற்றில் புழு நெளிகிறது என்றால் ஊர் கேவலமாகப் பேசும், நீங்களே டாக்டரிடம் சொல்லி வேறு மருந்து எழுதி வாங்கி அனுப்புங்கள் என்றார்.

நான் கத்தினேன். "ஏய்யா, இன்னும் ஒரு வாரம் அந்த மாத்திரையத் தின்னாள்னா ஊரு பேச வராது, எழவுக்குத்தான் வரும். டாக்டரு கண்ணால பாக்கணும். அவளும் வரணும், பாட்டிலும் வரணும்."

அவர் அசையவில்லை. முத்துத்தாய் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று குருவம்மாளிடம் கேட்டாள். பிறகு கையை நீட்டிப் பாட்டிலை வாங்கிக்கொண்டாள்.

பஸ்ஸில் அதை மடியிலேயே வைத்திருந்தாள். பாதி வழியில் கண்டக்டர் மூக்கைச் சுளித்தார். பாட்டிலில் என்ன கருமம், தூக்கி வெளியே எறி என்றார். அத்தனை ஆம்பளைகளும் திரும்பிப் பார்த்தார்கள். வெள்ளத்துரை தலையைக் குனிந்துகொண்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சொல்லிவிட்டாள்.

"என்னோட பீ. டாக்டரு பாக்கணும். எறியணும்னா என்னயும் சேத்து எறிங்க."

கண்டக்டர் முன்பக்கம் போய்விட்டார்.

டாக்டர் மைக்ரோஸ்கோப்பில் வெகுநேரம் பார்த்தார். மாத்திரையை ஒரேயடியாக நிறுத்தக் கூடாது, படிப்படியாகக் குறைக்க வேண்டும், புழுவுக்கான மருந்து மதுரை ஆஸ்பத்திரியில் கிடைக்கும், இன்றைக்கே போய்ப் படுக்க வேண்டும் என்றார். அங்கே பதினெட்டு நாள் கிடந்து அவள் பிழைத்து வந்தாள். அன்றைக்கு என் மூன்று ரிப்போர்ட்டைப் பற்றி டாக்டர் பேசவில்லை, தன் மாத்திரையைப் பற்றியும் பேசவில்லை. மதுரைக்குக் கடிதம் எழுதப் பேனாவைத் திறந்தவர், பழக்க தோஷம், வெள்ளத்துரையைப் பார்த்து, ஒரு நாளைக்கு எத்தனை தடவை போகிறாள் என்று கேட்டார்.

வெள்ளத்துரை பெஞ்சை விட்டு எழுந்தார்.

"எனக்குத் தெரியாது சார். நான் இதுவரைக்கும் சொன்னதெல்லாம் பொய்யி. அவளக் கேளுங்க."

டாக்டர் பேனாவோடு அவள் பக்கம் திரும்பினார். முத்துத்தாய் முதல் நாளிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.