எந்தச் சில்லு எங்கே

பிழை என்னுடையதுதான். இதை முதல் வரியிலேயே சொல்லிவிட்டால் என் மனைவி கலாவதிக்கு ஒரு வேலை குறையும்.

ஆயுத பூசைக்கு முதல் நாள், எங்கள் டொயோட்டாவின் நான்கு பனிக்காலச் சில்லுகளையும் பால்கனியிலிருந்து ஒவ்வொன்றாக உருட்டிக்கொண்டுபோய்க் குளியல் தொட்டிக்குள் இறக்கி, சவர்க்காரத் தூளும் தேங்காய்த் தும்பும் போட்டு உரஞ்சிக் கழுவினேன். தொட்டி கறுத்துப்போனது. என் பெனியனும் கறுத்துப்போனது. சில்லுகள் மட்டும் அன்றைக்குத்தான் கடையிலிருந்து வந்தவை போலப் பளபளத்தன.

எனக்கு அதில் ஒரு நியாயம் இருந்தது. காரில் பூட்டியிருக்கும் கோடைச் சில்லுகளுக்கு வருடா வருடம் சந்தனமும் குங்குமமும் கிடைக்கிறது. அவை சில கிழமைகளில் கழன்று ஓய்வெடுக்கப் போகிறவை. பனியில் கிடந்து மாரடிக்கப்போகிற சில்லுகளோ பூசை நேரத்தில் பால்கனி மூலையில் கிடக்கும். அதுவும் இந்தக் கோடை. சுவிஸில் நாங்கள் இருக்கும் டீட்டிகோனிலேயே ஜூலையில் முப்பத்தைந்து பாகை. நிலவறை முழுக்கச் சாமான் நிறைந்திருந்ததால், அவை வெயில் முழுவதையும் பால்கனியில் நின்று வாங்கின. போதாததற்குக் கலாவதி அந்த அடுக்கின் மேல் சுளகை வைத்து மோர்மிளகாய் காயப்போட்டாள். மிளகாய் அருமையாகக் காய்ந்தது. இவ்வளவு உழைத்தவற்றுக்கு ஒரு பொட்டாவது வைக்க வேண்டாமா?

வைத்தோம். சரஸ்வதி படத்துக்கு இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு. ஒவ்வொன்றுக்கும் சந்தனம், மேலே குங்குமம். மகள் மதுஜா படம் எடுத்துத் தன் சிநேகிதிகளுக்கு அனுப்பினாள். என்ன எழுதி அனுப்பினாள் என்று காட்டவில்லை.

பூசை முடிந்து கடலை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கலாவதி கேட்டாள்.

“என்னப்பா, இதிலை எது முன்னுக்குப் பூட்டிறது, எது பின்னுக்கு?”

“அதெல்லாம் எழுதியிருக்கு,” என்று குனிந்தேன். எழுதியிருக்கவில்லை. ஈஸ்டருக்குக் கழற்றும்போது கராஜ்காரர் வெள்ளைச் சோக்கால் முன் இடது, முன் வலது, பின் இடது, பின் வலது என்று ஜெர்மன் எழுத்தில் ஒவ்வொன்றிலும் குறித்துவிட்டிருந்தார். நான் அதை அழுக்கு என்று நினைத்து, அந்த இடத்தை மட்டும் இரண்டு தரம் கூடுதலாக உரஞ்சியிருக்கிறேன்.

“பூசைக்கு வைச்சதெல்லே, எது எங்கை போனாலும் பிழையில்லை,” என்றாள் கலாவதி. “பொட்டு வெளியிலை தெரியிற மாதிரிப் பூட்டுங்கோ.”

வேறு வருடமென்றால் நானும் அப்படியே விட்டிருப்பேன். இந்த வருடம் விட முடியாது.

மதுஜா எங்களுக்கு ஒரே பிள்ளை. தாதிப் படிப்பை முடித்துவிட்டாள். நவம்பர் முதலாம் திகதி சமேடன் ஆஸ்பத்திரியில் வேலை தொடங்குகிறாள். சமேடன் மலைக்கு அந்தப் பக்கம், யூலியர் கணவாய் தாண்டி. ஒக்டோபர் கடைசி வெள்ளிக்கிழமை அவள் போக வேண்டும். கலாவதிக்கு அன்றைக்கு முதியோர் இல்லச் சமையலறையில் வேலை. ஆக, நான்தான் காரில் கொண்டுபோய் விடுவேன். மூன்று மணித்தியாலம். நானும் அவளும் மட்டும்.

இந்த மூன்று மணித்தியாலத்தை நான் சும்மா எண்ணவில்லை. பயிற்சிக் காலத்தில் அவளுக்கும் இரவு வேலை, பகல் வேலை. எனக்கும் கிடங்கில் அப்படியே. கடந்த இரண்டு வருடத்தில் எங்களுக்குள் நடந்த கதையெல்லாம் “சாப்பிட்டியோ”, “ஓம்”, “லைற்றை நூர்” என்பவற்றுக்குள் அடங்கிவிடும். அவளிடம் கதைக்க வேண்டியவற்றை ஒரு துண்டில் எழுதி வைத்திருந்தேன். பதினொரு விஷயம். ஏழாவது: ‘தனிய இருக்கப் பயமோ எண்டு கேட்க வேண்டும். ஆனால் நேரடியாகக் கேட்கக் கூடாது.’

“நீ என்னோடைதானே வாறாய்?” என்று செப்டெம்பரிலேயே கேட்டேன்.

“பாப்பம் அப்பா,” என்றாள்.

எங்கள் வீட்டில் ‘ஓம்’ என்றால் ஓம். ‘பாப்பம்’ என்றால் ஓமாகவும் இருக்கலாம், இல்லையாகவும் இருக்கலாம், அம்மாவைக் கேளுங்கோ என்பதாகவும் இருக்கலாம். நான் அதை ஓம் என்று எடுத்துக்கொண்டேன். ஆனாலும் மனதுக்குள் ஒரு சின்ன இடைஞ்சல். போன பெப்ரவரி ஐன்சீடல்னுக்குக் கறுத்த மாதாவைக் கும்பிடப் போகும்போது, ஒரு வளைவில் எங்கள் கார் கொஞ்சம் சறுக்கியது. கொஞ்சம் என்றால், ஒன்றரைச் சுற்றுச் சுற்றி, வந்த வழியையே பார்த்துக்கொண்டு நின்றது. பனிக்குவியல் ஒன்று மெத்தை போல எங்களைத் தாங்கிக்கொண்டது. ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. மதுஜா முன்சீற்றில் இருந்தாள். அன்றைக்குப் பிறகு அவள் அதைப் பற்றி ஒரு சொல்லும் கதைத்ததில்லை. நான் அதைச் சில்லின் பிழை என்று முடிவு செய்திருந்தேன். அதனால்தான் இந்தத் தரம் சில்லுகள் சரியான இடத்தில் இருந்தே ஆக வேண்டும்.

முதலில் குணசேகரத்தைக் கேட்டேன். என்னோடு கிடங்கில் வேலை செய்பவன். முன்பொரு காலம் ஒரு டயர்க் கடையில் ஆறு மாதம் நின்றவன் என்பதால், கார் விஷயத்தில் எங்களுக்கு அவன்தான் பேராசிரியர்.

“மச்சான், டயரிலை வெட்டு ஆழமா, நல்ல பூ இருக்கிறதை முன்னுக்குப் போடு,” என்றான் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தபடி. “எஞ்சின் எங்கை இருக்கு? முன்னுக்கு. இழுக்கிறது எது? முன் சில்லு. பிறகென்ன கேள்வி?”

தெளிவாக இருந்தது. சந்தோஷத்தோடு வீட்டுக்கு வந்தேன். வந்த கையோடு பூம்ப்ளிஸிலிருந்து தம்பித்துரை அண்ணை போன் எடுத்தார். சுவிஸில் முப்பத்தெட்டு வருடம் கார் ஓடி, ஒரு தண்டமும் கட்டாதவர். அப்படித்தான் அவர் சொல்லுவார். குணசேகரம் சொன்னதை அவருக்கும் சொன்னேன்.

“ஆர் சொன்னது முன்னுக்கெண்டு? தம்பி, நீர் சறுக்கினபோது எது முதல் போனது?”

“பின்பக்கம், அண்ணை.”

“அப்ப நல்லதை எங்கை போடவேணும்?”

“பின்னுக்கோ?”

“பின்னுக்கேதான். குணசேகரத்துக்குச் சொல்லும், அவன் தன்ரை சைக்கிளைப் பாக்கட்டும்.”

இதுவும் தெளிவாகவே இருந்தது. தெளிவான இரண்டு பதில்கள் சேர்ந்தால் எப்படி ஒரு குழப்பம் வரும் என்று அன்றைக்குத்தான் கண்டேன்.

கராஜுக்குப் போன் அடித்தேன். சில்லு மாற்ற நவம்பர் பதினெட்டுக்குப் பிறகுதான் நேரம் இருக்கிறது என்றார்கள். மாற்றுவதை நானே பார்த்துக்கொள்கிறேன், எது முன்னுக்கு என்று மட்டும் சொல்லுங்கள் என்றேன். அது பொறுத்தது என்றார் அந்த மனிதர். எதைப் பொறுத்தது? பூவின் ஆழத்தை. ஆழம் சரியென்றால்? அப்போது டயரின் வயதை. அதுவும் சரியென்றால்? அப்போது, அவர் கொஞ்சம் யோசித்து, ஓடுகிற ஆளைப் பொறுத்தது என்றார். இந்த நாட்டில் எதைக் கேட்டாலும் முதலில் ‘அது பொறுத்தது’ என்றுதான் தொடங்குவார்கள்; எனக்குப் பழக்கம்தான். ஆனால் அந்தக் கடைசிப் பதில் மட்டும் ஏனோ கொஞ்சம் உறைத்தது.

சனிக்கிழமை ஒரு சில்லைக் கலாவதியின் மரக்கறி வண்டிலில் வைத்து இழுத்துக்கொண்டு நேரிலேயே போனேன். அவர் வெளியே வந்தார். சில்லைப் பார்த்தார். வண்டிலைப் பார்த்தார். சந்தனப் பொட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“இது என்ன குறி?” என்று ஜெர்மனில் கேட்டார்.

“பாதுகாப்புக்கு,” என்றேன்.

தலையை ஆட்டிவிட்டு ஒரு சின்னக் கருவியைப் பூவுக்குள் விட்டு அளந்தார். ஐந்து மில்லிமீற்றர், நல்லது என்றார். அப்படியென்றால் இது முன்னுக்கா, பின்னுக்கா? மற்ற மூன்றையும் கொண்டுவந்தால் சொல்லலாம் என்றார். மரக்கறி வண்டிலில் ஒன்றுதான் பிடிக்கும்.

அந்தக் கிழமையே தபால் பெட்டிக்குள் காப்புறுதிக்காரரின் துண்டுப் பிரசுரம் ஒன்று வந்து கிடந்தது. கடும் கோடைக்குப் பிறகு காரைப் பனிக்காலத்துக்கு ஆயத்தம் செய்வது எப்படி. வெயில் பற்றரியைத் தின்றிருக்கும், பாருங்கள். கண்ணாடி கழுவும் தண்ணீர் உறையும், மாற்றுங்கள். கதவு றப்பருக்குக் கொழுப்புப் பூசுங்கள், இல்லாவிட்டால் கதவு ஒட்டிக்கொள்ளும். சில்லு எது எங்கே என்று மட்டும் அதில் இல்லை. தெரிந்ததைச் செய்வோம் என்று இறங்கினேன். கோடையில் ஊற்றிய வெறும் பைப்புத் தண்ணீரை எடுத்துவிட்டு உறையாத நீல மருந்து ஊற்றினேன். கதவு றப்பருக்குக் கொழுப்பு என்றால் எது என்று கடைக்குப் போய்க் கேட்க வெட்கமாக இருந்தது. வீட்டில் தேங்காய் எண்ணெய் இருந்தது. நான்கு கதவுக்கும் தாராளமாகப் பூசினேன்.

தேங்காய் எண்ணெய் இந்த நாட்டில் ஒக்டோபரிலேயே கட்டியாகிவிடும் என்பதை முப்பது வருடமாகக் குளியலறைத் தட்டில் பார்த்து வருகிறவன் நான். அடுத்த நாள் காலை கதவைத் திறந்தால், சுற்றிவர வெள்ளை வெள்ளையாக, கேக்குக்கு ஐசிங் பூசியது போல இருந்தது.

“காருக்கும் தலைக்கு எண்ணெய் வைச்சு விட்டிருக்கிறியள்,” என்றாள் கலாவதி. “இனிப் பின்னிவிடுங்கோ.”

மதுஜா சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கேட்டுவிட வேண்டும் என்று, “அப்ப வெள்ளிக்கிழமை எத்தினை மணிக்கு வெளிக்கிடுவம்?” என்றேன். சிரிப்பு நின்றது. “பாப்பம் அப்பா,” என்று அறைக்குள் போனாள்.

அவளை வேலைக்கு இறக்கிவிடுகிற ஒன்றிரண்டு நாளிலும் காரில் பின்சீற்றில் ஏறிக்கொள்வது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. நான் கதைத்தால் “றோட்டைப் பாருங்கோ அப்பா” என்பாள். கலாவதியும் அதைத்தான் சொல்வாள். ஒரு ஆளோடு கதைக்கும்போது முகத்தைப் பார்க்காமல் கதைப்பது எனக்கு வராது. அது மரியாதை இல்லை. இவர்கள் இரண்டு பேருக்கும் அது விளங்குவதில்லை.

புதன்கிழமை பின்னேரம் நிலக்கீழ்க் கார்த் தரிப்பிடத்தில் காரை ஜக்கில் உயர்த்திவிட்டு, நான்கு சில்லுகளையும் சுற்றிவர அடுக்கி வைத்துக்கொண்டு நின்றேன். நல்ல பூ எது என்று விரலை விட்டுப் பார்த்தேன். எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. ஒன்றை முன்னுக்கு வைத்தேன். தம்பித்துரை அண்ணையின் குரல் கேட்டது. அதை எடுத்துப் பின்னுக்கு வைத்தேன். குணசேகரம் சாப்பாட்டுப் பெட்டியோடு மனக்கண்ணில் வந்து நின்றான். எனக்குத் தெரியவேண்டியது உண்மையில் ஒன்றே ஒன்றுதான்: எப்படிப் பூட்டினால் என் பிள்ளை பயமில்லாமல் ஏறுவாள்? அதை யாரிடமும் நான் கேட்கவே இல்லை.

லிஃப்ட் திறந்தது. மதுஜா வந்தாள். கையில் ஒரு கப் தேத்தண்ணி. அதை என்னிடம் தந்துவிட்டு, தரையில் படுக்கக் கிடந்த சில்லொன்றின் மேல் பொட்டை மறைக்காமல் ஒரு ஓரமாக உட்கார்ந்தாள்.

“இன்னும் பிடிபடேல்லையோ?”

“பிடிபடுது, பிடிபடுது. ரெண்டு கருத்து இருக்கு, அவ்வளவுதான்.”

“பெரிசாக் கஷ்டப்படுறியள் அப்பா.”

“கஷ்டம் ஒண்டும் இல்லை. யூலியரிலை பனி விழுந்திட்டுதெண்டு சொல்லினம். அதுதான்.”

அவள் விரலால் பூவின் ஒரு கோட்டைத் தடவிக்கொண்டிருந்தாள். நான் தேத்தண்ணியைக் காரின் மேல் வைத்தேன்.

“பிள்ளை, ஒண்டு கேக்கிறன். பாப்பம் எண்டு மட்டும் சொல்லாதை. நான் ஆர் ஆரையோ கேட்டுப்போட்டன், ஒருத்தரும் ஒழுங்காச் சொல்லினமில்லை. வெள்ளிக்கிழமை நீ என்னோடை காரிலை வாறியோ, இல்லையோ?”

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். ஆஸ்பத்திரியில் நோயாளிகளிடம் கதைக்கும்போது இப்படித்தான் பார்ப்பாள் போல.

“இல்லை அப்பா. எந்தச் சில்லை எங்கை பூட்டினாலும் நான் வரேல்லை. அண்டைக்குக் கார் சுத்தினது சில்லாலை இல்லை. நீங்கள் உங்கடை வேலையிடத்துக் கதை ஒண்டைச் சொல்லிக்கொண்டு என்ரை முகத்தைப் பாத்தனீங்கள். வளைவு வந்தது எனக்குத் தெரிஞ்சுது, உங்களுக்குத் தெரியேல்லை. எனக்கு இப்பவும் பயம். சொன்னா உங்களுக்கு நோகும் எண்டுதான் பாப்பம் பாப்பம் எண்டனான். பெட்டி மூண்டும் தபாலிலை போட்டிட்டன். வெள்ளிக்கிழமை காலமை ரெயின். உங்களுக்கும் சேத்து ரிக்கற் எடுத்திருக்கிறன், எனக்கு முன்னாலை இருக்கிற சீற். சமேடன் போகுமட்டும் என்ரை முகத்தைப் பாத்துக் கதையுங்கோ.”