எட்டில் ஒரு பங்கு

2006 ஜூலையில் ரெஜினா ஐந்தடியிலிருந்து நான்கடி நான்கரை அங்குலமானாள். புதுச்சேரி ஆஸ்பத்திரியில் முதல் கீமோ ஊசி போட்டுக்கொண்டு விருத்தாசலம் திரும்பிய மூன்றாம் நாள் காலையில் அவள் கட்டிய சேலை தரையில் புரண்டது. மகள் அருள்ஜோதி அவளைச் சுவரோடு நிற்கவைத்து அளந்தாள். செராமிக் பேட்டையில் பதினோரு வருடமாக அச்சு செய்கிறவள் அவள். சூளைக்குப் போகும் மண் எட்டில் ஒரு பங்கு சுருங்கும் என்பது அவள் கைக்கே தெரியும். அம்மாவும் அதே கணக்கில்தான் சுருங்கியிருந்தாள். கை, கால், முகம் எல்லாம் ஒரே அளவில், பார்க்க லட்சணமாகவே. சினைப்பையில் தொடங்கி ஈரல்வரை பரவியிருந்த கட்டியும் கொஞ்சம் சுருங்கியதாக ஸ்கேனில் வந்தது. டாக்டர் இரண்டையும் ஒரே சீட்டில் எழுதினார்.

கீமோவில் சிலருக்கு முடி கொட்டும், சிலருக்கு இப்படியும் ஆகும் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். ரெஜினாவுக்கு முடியும் கொட்டியது. அருள்ஜோதி, அச்சு செய்கிறவர்கள் மட்டுமே செய்யக்கூடிய ஒரு தப்பைச் செய்தாள். சுருங்கப்போகும் பொருளுக்கு அச்சைப் பெரிதாக வைப்பது தொழில். அடுத்த ஊசிக்குள் அம்மாவைப் பெரிதாக்கிவிட்டால் போதும் என்று அவள் நம்பினாள். காலையில் கேழ்வரகுக் கஞ்சியும் மூன்று முட்டையும், மதியம் ஆட்டுக்கால் சூப்பு, சாயங்காலம் பேரீச்சம்பழம். ரெஜினா வாந்தியெடுத்தாள். வாய் கழுவிவிட்டு மறுபடி ஊட்டினாள் மகள். “ஏண்டி, மண்ணா நானு, போட்டு அடைக்கிறதுக்கு?” என்று ரெஜினா ஒருநாள் உதட்டை இறுக்கிக்கொண்டதோடு அது நின்றது. இரண்டாவது ஊசிக்குப் பின் மூன்றடி பத்து அங்குலம்.

திரும்பி வரும் பஸ்ஸில் கண்டக்டர் குனிந்து பார்த்து, பாட்டிம்மாவுக்கு அரை டிக்கெட்டா முழு டிக்கெட்டா என்று குழம்பினார். “வயசுக்கு முழுசு, உசரத்துக்கு அரை. எது உங்களுக்குப் புண்ணியமோ அதைக் கிழிங்க” என்றாள் ரெஜினா. பஸ் முழுக்கச் சிரித்தது. அருள்ஜோதி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்த நாட்களில் அவள் அம்மாவின் பக்கத்தில் இருந்துகொண்டே அம்மாவைத் தேடினாள். கதவு நிலையில் தலை தெரிகிற அம்மாவை, மேல் பரணிலிருந்து எட்டிப் பாத்திரம் எடுக்கிற அம்மாவை. ஜாக்கெட்டுகளையெல்லாம் பிடித்துத் தைத்தவள், ஒன்றை மட்டும் வெட்டாமல் ஆணியில் மாட்டியிருந்தாள். ஆனால் தூக்கிக்கொண்டு படியேறும்போது அம்மாவின் கன்னம் தன் கழுத்தில் படுவது அவளுக்குப் பிடித்திருந்தது. இன்னும் சின்னதானால்கூடப் பரவாயில்லை, உள்ளங்கையளவு ஆனாலும் முந்தானையில் முடிந்து வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். நினைத்ததை அவள் கோயிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தபோதுகூடச் சொல்லவில்லை.

மூன்றாவது ஊசி செப்டம்பரில். மூன்றடி நான்கு அங்குலம். இந்த முறை கட்டி சுருங்கவில்லை, வளர்ந்திருந்தது. இதைவிடக் கடுமையான மருந்து ஒன்று இருக்கிறது, சில மாதம் கூடலாம், கூடாமலும் போகலாம், வேண்டாமென்றால் வலிக்கு மாத்திரை தருகிறேன், வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்றார் டாக்டர். யோசித்துச் சொல்லப் பத்து நாள் கொடுத்தார். திருப்பூரிலிருந்து தம்பி ஆல்பர்ட் தினமும் போன் செய்தான். “நிறுத்திட்டா நாமளே கைவுட்டாப்புல ஆயிடும்க்கா” என்றான். அருள்ஜோதிக்கும் அதுதான் பயம். ஒன்பதாம் நாள் ஆஸ்பத்திரிப் பையை அடுக்கி வாசலில் வைத்துவிட்டாள்.

பத்தாம் நாள் காலையில் அவளைத் தரையில் உட்காரச் சொல்லி, எண்ணெய்க் கிண்ணத்தோடு பின்னால் வந்து நின்றாள் ரெஜினா. நின்றபடியே வகிடெடுத்தாள். வகிடு நேராக வந்தது.

“இன்னொண்ணு போட்டா எவ்ளோ இருப்பேன்?”

“ரெண்டடி பதினோரு அங்குலம்.” மகள் அதை எப்போதோ கணக்குப் போட்டு வைத்திருந்தாள்.

“அப்ப உன் உச்சி எட்டாது.”

“எட்டலன்னா என்னம்மா? நான் படுத்துக்கறேன். நீ இருந்தா போதும்.”

“உனக்குப் போதும். எனக்குப் போதாதுடி.” சீப்பில் சிக்கிய முடியைச் சுருட்டி எடுத்தாள். “இந்த அளவுல நான் உனக்குத் தாயா இருக்கேன். இதுக்குக் கீழ போனா பொம்மை. என்னை இங்கியே நிறுத்து, ஜோதி.”

அருள்ஜோதி அழுதுமுடிக்கும்வரை பின்னல் போடுவது நிற்கவில்லை. பிறகு எழுந்து, டாக்டருக்குப் போன் செய்து, வரவில்லை என்றாள். ஆல்பர்ட்டுக்கும் சொன்னாள். அவன் மூன்றாம் நாள் பஸ் ஏறி வந்துவிட்டான்.

அதன்பின் ரெஜினா ஓர் அங்குலம்கூடக் குறையவில்லை. கிறிஸ்துமஸ் பார்த்தாள். தவக்காலம் தொடங்கும்வரை தினமும் காலையில் மகளுக்குத் தலை வாரிவிட்டாள். வலி கூடிய நாட்களில் மாத்திரை விழுங்கி, அரைமணி நேரம் கழித்து வாரினாள். பார்க்க வந்தவர்களிடம் இப்படி உட்காருங்கள் என்று யாரும் சொல்லவில்லை. முதலில் பக்கத்து வீட்டுக் காசியம்மாள் தரையில் உட்கார்ந்து ரெஜினாவின் முகத்துக்கு நேராகப் பேசினாள். அப்புறம் எல்லோரும் அப்படியே செய்தார்கள். நற்கருணை கொண்டுவந்த சாமியாரும் அங்கியை ஒதுக்கிக்கொண்டு சம்மணமிட்டார்.

2007 மார்ச்சில் ரெஜினாவை அடக்கம் செய்தார்கள். அந்த வீட்டில் மூன்று நாற்காலிகள் இருக்கின்றன. கேஸ் சிலிண்டர் புத்தகத்தோடு வருகிறவரும், ஓட்டு கேட்டு வருகிறவர்களும்கூட உள்ளே வந்ததும் தரையில் உட்கார்ந்துகொள்கிறார்கள். ஏனென்று அருள்ஜோதி கேட்டதில்லை. டீ கொண்டுவந்து வைத்துவிட்டு அவளும் எதிரில் உட்காருகிறாள்.