காத்துப் படாத அறை

ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. வெளியே மழை இல்லை. வடிந்தது உள்பக்கம். பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, அவள் மூக்கு கர் கர் என்று இழுப்பதைக் கேட்டபடி அந்தத் தண்ணீரை முறைத்துப் பார்த்தேன். பிறந்து இன்னும் மூன்று கிழமை ஆகவில்லை, அதற்குள் மூக்கடைப்பு! எனக்கும் தலை விண் விண் என்று இடித்தது. வேப்பிலை அவித்த மணம், சாம்பிராணிப் புகை, பிள்ளை பெற்றவளுக்கு வைக்கிற சரக்குக்கறி வாசம் எல்லாம் அறைக்குள் கூடிக் குடியிருந்தன. ஒன்றுகூட வெளியே போவதாக இல்லை.

இத்தனைக்கும் லண்டன் மோர்டனிலேயே காற்றோட்டத்தைப் பற்றி ஆகக் கூடுதலாகப் பேசிய மனுசன் என் அப்பாதான். காலமெல்லாம் பஸ் ஓட்டிவிட்டு, பென்ஷன் எடுத்த கையோடு வீட்டைப் பிடித்துக்கொண்டார். சுவருக்கு வெளியே குளிர் புகாத தடித்த பலகை ஒட்டி, கூரைக்குள் பஞ்சு நிரப்பி, மூன்றடுக்குக் கண்ணாடி போட்டு, காஸ் பொயிலரைக் கழற்றிவிட்டு ஹீட் பம்ப் வைத்தார். எறும்பு நுழைகிற இடுக்குக்கூட மிச்சமில்லை. பிறகு வீடு மூச்சு விடுவதற்கென்று கூரைக்குள் ஒரு மெஷின். குசினியிலும் குளியலறையிலும் இருக்கிற ஈரக்காற்றை அது இழுத்து வெளியே தள்ளும். வெளியிலிருந்து நல்ல காற்றை எடுத்து, படுக்கையறைச் சீலிங்கில் இருக்கிற வெள்ளை வட்டத் துளைகளால் அனுப்பும். வீட்டுக்கு வருகிற ஒருவரும் தப்ப முடியாது. கையில் தேத்தண்ணியைக் கொடுத்து, அண்ணாந்து பார்க்க வைத்து, "போற காத்து தன்ரை சூட்டை வாற காத்திட்டைக் குடுத்திட்டுத்தான் போகும், விளங்குதோ?" என்பார். சபாரத்தினம் அண்ணை வீடு திருத்தினாரோ, நுரையீரல் பூட்டினாரோ என்று கோயிலில் பகிடி பண்ணுவார்கள். அப்பாவுக்கு அதில் உள்ளூரப் பெருமை.

அம்மா போய் நாலு வருசம். "பிள்ளைப்பேறு நான் பாக்கிறன். முப்பத்தொராம் நாள் துடக்குக் கழிச்சுத்தான் உன்னை அனுப்புவன்" என்று அப்பா சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. மனுசன் சொன்னபடியே செய்தார். சரக்குத்தூள் அரைத்தார். மீன்கடையில் பால்சுறாவுக்குச் சொல்லிவைத்தார். காலையில் வேப்பிலைத் தண்ணீர் காய்ச்சுவார், குளித்து வந்ததும் காதுக்குள் வைக்கப் பஞ்சு உருட்டித் தருவார். ட்ரையரில் போட்டால் பிள்ளையின் துணி முரடாகிவிடுமாம், என் அறைக்குள்ளேயே கொடி கட்டிக் காயப்போட்டார். நான் கதவைத் திறந்தால் ஓடி வந்து சாத்தினார்.

சனிக்கிழமை என் கணவர் கீர்த்தனன் ரெய்னர்ஸ் லேனில் இருக்கிற எங்கள் வீட்டிலிருந்து வந்தார். பிள்ளையின் மூச்சைக் கேட்டார், ஜன்னலைத் தொட்டுப் பார்த்தார். "இந்த றூமுக்குள்ளை இருக்கேலாது சயந்தினி. எங்கடை வீட்டை போவம்." எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. ஆனால் முப்பத்தொன்றுக்கு இன்னும் நாள் கிடந்ததே. அப்பாவிடம் எந்த முகத்தோடு சொல்வது? சொல்லாமலே பெட்டியை அடுக்கி அறை வாசலடியில் வைத்தேன்.

போகிற நேரத்தில் கீர்த்தனன் சும்மா கையை உயர்த்திச் சீலிங் துளைக்குக் கீழே பிடித்தார். காற்று வரவில்லை. கதிரையில் ஏறி வெள்ளை மூடியைத் திருகிக் கழற்றினார். உள்ளே ஒரு ஷொப்பிங் பை, அதற்குள் இறுக்கிச் சுருட்டிய கம்பளிச் சொக்ஸ் ஒரு சோடி. அப்பா பஸ் ஓட்டுகிற காலத்தில் போட்டது.

சாப்பாட்டுக் கோப்பையோடு வந்த அப்பா அப்படியே நின்றுவிட்டார்.

"மெஷினிலை பிழையில்லைத் தம்பி. நான்தான் அடைச்சனான்."

"அப்பா! உங்களுக்கென்ன விசரே? பிள்ளை மூச்செடுக்கக் கஷ்டப்படுறாள்!" என்று கத்திவிட்டேன்.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "பிள்ளைப்பெத்த உடம்பிலை காத்துப் படக்கூடாது. கொம்மா கடைசியா ஆஸ்பத்திரியிலை அதைத்தான் சொன்னவ. 'சயந்தினிக்கு ஒண்டு பிறந்தால் காத்துப் படாமல் பாருங்கோ, உங்களுக்கு ஒண்டும் தெரியாது' எண்டு. இந்த மெஷின் காத்து நேர உன்ரை தலையிலையெல்லே விழுகுது. நான் என்ன செய்ய?"

உங்களுக்கு ஒண்டும் தெரியாது. அது அம்மாவேதான். அந்த இடத்தில் என் கோபம் போய்விட்டது.

வாசலடியில் இருந்த பெட்டியை அப்பா அப்போதுதான் கண்டார். கொடியில் கிடந்த குட்டித் துணிகளை எடுத்து மடிக்கத் தொடங்கினார். "சாப்பிட்டிட்டுப் போங்கோ. மிச்சக் கறியைக் கட்டித் தாறன்." மடித்ததையே திரும்ப மடித்தார்.

"இஞ்சை வாங்கோ அப்பா. ஏறி நிண்டு கையைப் பிடிச்சுப் பாருங்கோ."

கீர்த்தனன் கதிரையைப் பிடித்துக்கொள்ள அப்பா ஏறினார். உள்ளங்கையை விரித்துத் துளைக்குக் கீழே வெகுநேரம் பிடித்தார்.

"சூடெண்டும் இல்லை," என்றார். கொஞ்சம் பொறுத்து, "குளிரெண்டும் இல்லை."

"காலமை நீங்கள் காய்ச்சித் தந்த தண்ணியின்ரை சூடப்பா அது. போற காத்துக் குடுத்திட்டுப் போகுது. நீங்கள்தானே ஊருக்கெல்லாம் சொல்லுறனீங்கள்?"

அப்பா கையை எடுக்கவில்லை. "கொம்மா கேட்டால் என்னெண்டு சொல்லுறது?"

"குளிரவிடேல்லை எண்டு சொல்லுங்கோ."

கீர்த்தனன் என்னைப் பார்த்தார். நான் பெட்டியைப் பார்த்தேன். அவரே அதைத் தூக்கி வந்து அலுமாரிக்குப் பக்கத்தில் வைத்தார். தலைக்கு நேரே காற்று விழாதபடி கட்டிலை மற்றச் சுவரோடு தள்ளினோம். கொடி குளியலறைக்குப் போனது. கதவைச் சாத்துவதில்லை என்று அப்பாவிடம் சத்தியம் வாங்கினேன். அன்று சரக்குக்கறி நல்ல உறைப்பு, கீர்த்தனனும் ஒரு பிடி பிடித்தார்.

காலையில் கண் விழித்தபோது ஜன்னல் காய்ந்திருந்தது. தோட்டத்து வேலி தெளிவாகத் தெரிந்தது. பிள்ளையின் மூச்சு கேட்கவில்லை. பதறிப்போய்க் குனிந்து பார்த்தேன். சத்தமில்லாமல் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

அப்பா கதிரையில் ஏறி நின்றார். காலில் அந்தக் கம்பளிச் சொக்ஸ். விரித்த உள்ளங்கை துளைக்குக் கீழே. நான் விழித்தது அவருக்குத் தெரியாது. அண்ணாந்தபடி யாருக்கோ பதில் சொல்வதுபோல் அவர் உதடுகள் மெல்ல அசைந்தன.

நான் சத்தம் போடாமல் காதிலிருந்த பஞ்சை எடுத்தேன்.