நூற்றுப் பதினெட்டு டிக்

ராசாத்தியக்கா அன்றைக்கு வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் இந்நேரம் என் ஆய்வு முடிந்திருக்கும். நல்லவேளை, திறந்தார்.

ஜெனிஷா இப்படி நினைத்துக்கொண்டிருக்க, எதிரே ஆய்வு வழிகாட்டி அருள்தாஸ் சார் அவளுடைய படிவக் கட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். சமூகப்பணி முதுகலைக்காக, கட்டுமாவடியில் மீன் விற்கும் நூற்றிருபது பெண்களிடம் அவள் கேட்டு வந்தவை. வீட்டில் முடிவெடுப்பது யார்? நூற்றுப் பதினெட்டுப் பேர் 'கணவர்' என்றார்கள். அப்படியே டிக் அடித்தாள்.

கடைசி நாள் பஸ்ஸுக்கு நின்றவளிடம், அந்தப் பெண்களில் ஒருத்தியான ராசாத்தி மீன்கூடையோடு வந்தாள்.

"ஏ புள்ள, நாங்க சொன்னது பூராம் சரியில்ல. மீன்பிடித் தடைக்கால நிவாரணத்துக்கு நீ எழுதுறன்னு நெனச்சுப்புட்டோம். மீனவர் அட்டை வீட்டுக்காரவுக பேருல இருக்கு. வீட்டுல நாந்தான் எல்லாம்னு சொல்லி, பணத்த நிறுத்திப்புட்டா?"

"அப்ப உங்க வீட்டுல முடிவெடுக்குறது யாருங்கக்கா?"

"அவுகளுக்குச் சட்டை எடுக்குறதே நாந்தான்! புது வலை வாங்குனது, மூத்தவளக் காலேசுல சேத்தது எல்லாம் என் முடிவு. வெளியில மட்டும் அவுக சொன்னாகன்னு சொல்லிக்கிறது." சிரித்தவள் குரலைத் தணித்தாள். "படிக்கிற புள்ள, ஒனக்கு மார்க்கு போயிரக்கூடாதுல்ல. அதான் ஓடியாந்தேன்."

பஸ்ஸில் ஜெனிஷாவுக்குத் தன் அம்மா வியாகுலமேரியின் ஞாபகம் வந்தது. 'அப்பாட்டக் கேட்டுச் சொல்றேன்' என்றபடியே, தானே முடிவெடுத்து அவளைக் கல்லூரிக்கு அனுப்பியது அம்மாதான். அதைக் கேட்டு வளர்ந்தும் தனக்கு உறைக்கவில்லையே என்று வெட்கமாக இருந்தது.

"ஒரு ராசாத்தி சொன்னதுக்காக அத்தனையையும் தூக்கிப் போடுவியா?" என்றார் சார், அவள் நடந்ததைச் சொல்லி முடித்ததும். "நம்பர் சுத்தமா வந்திருக்கு. ஆய்வுப் பார்வை, அதான் பாரடைம், பாசிட்டிவிசம்னு போட்டுரு. அளந்து பாத்தோம், இதுதான் வந்துச்சு, முடிஞ்சது. இனிமே ஒவ்வொருத்தரா உக்காந்து பேசிப் புரிஞ்சுக்குற வழிக்கு மாறுனா ஆறு மாசம் போயிரும். திருச்சி வேலை ஒனக்காகக் காத்திருக்குமா?"

காத்திருக்காது. அந்த வேலைக்குச் சிபாரிசுக் கடிதம் கொடுத்தவரே அவர்தான். சொந்த ஊரான ஆவூரிலிருந்து வந்த புதிதில், வகுப்பில் எழுந்து நின்று வார்த்தை வராமல் திணறியவளிடம், 'நிதானமாச் சொல்லும்மா, நான் எங்கயும் போகல' என்று காத்திருந்தவரும் அவர்தான். ஒருவர் பேசி முடிக்கும்வரை காத்திருப்பதை அவள் அவரிடம்தான் முதலில் பார்த்தாள்.

சார் சமர்ப்பிப்புத் தாளை அவள் பக்கம் நகர்த்தினார். "கையெழுத்துப் போடும்மா."

ஜெனிஷா பேனாவை எடுக்கவில்லை.

"ரொம்ப நன்றிங்க சார்," என்றாள். "நான் மறுபடியும் கட்டுமாவடிக்குப் போறேங்க."