நிமிர்ந்து உட்கார்ந்த சவாரி

இன்பமணி எந்த விசேஷத்துக்கும் நேரத்துக்குப் போனதாக வரலாறு இல்லை. தங்கை ஈவாஞ்சலின் மகளுக்குக் கல்யாணம். பெண்ணுக்குத் தாய்மாமன் அவர் ஒருவர்தான். அவர் மணப்பாட்டுக் கோயிலுக்குள் நுழைந்தபோது தாலி கட்டி முடிந்து, போட்டோக்காரர் விளக்குகளை மடக்கிக்கொண்டிருந்தார். ஏலத்தில் எடுத்த பழைய ஜீப்பில்தான் வருவேன் என்று கிளம்பியதன் பலன். ஜீப் ஆத்தூரில் படுத்துவிட்டது.

ஈவாஞ்சலின் இரண்டு வருஷம் பேசவில்லை. மகளுக்குக் குழந்தை பிறந்த பிறகுதான் போன் வந்தது.

“அண்ணே, பிள்ளைக்கு நீதான் ஞானத்தகப்பன். ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்கு ஞானஸ்நானம். கோயில் மணி அடிக்கையில நீ உள்ள நிக்கணும். இல்லன்னா ஒன் எடத்துல பிராங்க்ளின் மெழுகுதிரியப் பிடிச்சிருவான். பெறகு நீ இந்தப் பக்கமே வர வேண்டாம்.”

பிராங்க்ளின், பெரியப்பா மகன். எங்கே கூப்பிட்டாலும் அரை மணி நேரம் முன்னதாகவே காரில் போய் முதல் வரிசையில் உட்காருகிறவன்.

“நேரத்துக்கு வாரேன்மா” என்பதோடு இன்பமணி நிறுத்தியிருக்கலாம். “சைக்கிள்லயே வாரேன்” என்றும் சேர்த்துச் சொன்னார்.

அப்போது அவருக்குச் சைக்கிள் கிறுக்கு. தூத்துக்குடித் துறைமுகத்தில் ஏற்றுமதிக் காகிதங்களைச் சரிபார்க்கும் ஒரு கம்பெனியில் வேலை. போகிற வழியில், கப்பலில் கழித்துப்போட்ட சாமான்களை விற்கும் ஒரு கடையில் அதைப் பார்த்தார். ஏதோ ஒரு வெளிநாட்டுக் கப்பலின் சமையல்காரர் விட்டுவிட்டுப் போன மவுண்டன் பைக். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் செய்தது. கனத்த இரும்பு, இருபத்தொரு கியர். துருவைப் பார்த்தால் கடலுக்கு அடியில் ஓட்டியிருப்பார்கள் போலிருந்தது.

மூன்று மாதம் அதனோடு மல்லுக்கட்டினார். சீட்டைத் தாங்கும் குழாய் ஃபிரேமோடு பிடித்துக்கொண்டு வர மறுத்தது. இரண்டு நாள் மண்ணெண்ணெய் விட்டு, மூன்றாம் நாள் அவர் மேலேறி மிதித்ததும் குழாய் வந்தது, அவரும் கீழே வந்தார். மலைக்கென்று போட்டிருந்த முள்முள்ளான டயர்களைக் கழற்றிவிட்டு வழுவழுப்பான அகல டயர் போட்டார். அகலமான ஸ்பிரிங் சீட் வைத்தார். ஹேண்டில்பார் தாழ்ந்திருந்தால் முதுகு வலிக்கும் என்று இணையத்தில் படித்து, அதை ஒரு சாண் உயர்த்தினார். திருப்தியில்லை. இன்னும் நாலு விரல் உயர்த்தினார். பிடியும் பின்பக்கம் வளைந்து மார்புக்கே வந்து நின்றது. இப்போது சைக்கிளில் உட்கார்ந்தால் பாதிரியாரின் நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி இருக்கும்.

“சைக்கிள் மிதிக்கப் போறியளா, கோர்ட்டுல தீர்ப்புச் சொல்லப் போறியளா?” என்றாள் மனைவி விஜிலா.

சோதனை ஓட்டங்கள் நடந்தன. வடக்கே தருவைகுளத்துக்கு ஒரு நாள், வைப்பாறுக்கு ஒரு நாள், அப்புறம் ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் வேம்பார். இரண்டேகால் மணி நேரத்தில் போனார். முதுகு வலிக்கவில்லை. மூச்சு வாங்கவில்லை. ‘எல்லாம் சீட்டின் உயரமும் பிடியின் வளைவும் செய்கிற வேலை’ என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பதினோரு நிமிடம் பேசி வீடியோ போட்டார். திரும்பி வருவதற்கு மட்டும், மீன் ஏற்றும் ரெக்சனின் லோடு வண்டி.

“திரும்பியும் மிதிச்சு வந்தாத்தான மாமா தெரியும்?” என்று ரெக்சன் கேட்டான்.

“சோதனை ஓட்டத்துல முழங்காலைப் பத்திரமா வச்சுக்கிடணும்ல. உனக்கு அந்த விஞ்ஞானம் புரியாது.”

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஜூலை மாதம். மணப்பாடு தெற்கே அறுபது கிலோமீட்டர். வேம்பார்க் கணக்குப்படி இரண்டே முக்கால் மணி நேரம். ஆறு மணிக்குக் கிளம்பினால் ஒன்பதுக்குள் போய்ச் சேர்ந்து, பிராங்க்ளினுக்கு முன்னாலேயே முதல் வரிசையில் உட்கார்ந்துவிடலாம். அவருடைய வேட்டி சட்டையைப் பையில் எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் புறப்பட்ட விஜிலா, வாசலில் நின்று மரங்களைப் பார்த்தாள்.

“கச்சான் காத்து ஏறி அடிக்கி. அதுக்கு எதுக்க தெக்கயில்லா போறிய.”

“காத்தெல்லாம் கடலுக்குப் போறவனுக்குத்தாம்ளா. எனக்கு இருபத்தொரு கியர் இருக்கு.”

விஜிலா பஸ் பிடிக்கப் போய்விட்டாள்.

உப்பளங்களைத் தாண்டுவதற்குள்ளேயே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. பின் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறதோ என்று இறங்கிச் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார். நன்றாகவே சுற்றியது. செயினுக்கு எண்ணெய் விட்டார். டயருக்குக் காற்றடித்தார். முள்ளக்காடு வரை போவதற்குள் இருபத்தொரு கியர்களில் பத்தொன்பது செத்துவிட்டன. மிச்சம் இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டு, வேட்டியை மடித்துக்கட்டி நடந்துபோன ஒருவருக்குச் சமமாகக் கொஞ்ச தூரம் போனார். அந்த மனிதர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு வேகம் கூட்டினார்.

பழையகாயலை எட்டியபோது மணி எட்டரை. வந்தது இருபது கிலோமீட்டர்கூட இல்லை. ரோட்டோரம் டீக்கடை வைத்திருந்த இசக்கியம்மாள், அவர் முகத்தைப் பார்த்ததும் கேட்காமலே தண்ணீர் கொடுத்தாள்.

“எங்க போறிய அண்ணாச்சி?”

“மணப்பாட்டுக்கு. பிள்ளைக்கு ஞானத்தகப்பன். சைக்கிள்ல என்ன கோளாறுன்னே தெரியல.”

இசக்கியம்மாள் சைக்கிளைப் பார்த்தாள். அதன்மேல் ஏறி உட்கார்ந்துகாட்டிய அவரையும் பார்த்தாள்.

“சைக்கிளுக்கு ஒண்ணுமில்ல. நீங்கதான் எதுக்காத்துல நெஞ்ச விரிச்சுக்கிட்டு கட்அவுட்டு மாதிரி நிக்கிய. கட்அவுட்டே சாயுத காத்து இது.”

அவருக்கு ரோஷம் வந்தது. ஸ்பானரை எடுத்து ஹேண்டில்பாரை இறக்கினார். மூன்று மாத விஞ்ஞானம் மூன்று நிமிடத்தில் இறங்கியது. குனிந்து மிதித்தார். ஒவ்வொரு மிதிக்கும் முழங்கால் வந்து தொந்தியில் இடித்தது. ஒரு கிலோமீட்டரில் மூச்சு முட்டியது. ஸ்பானரைக் கடை பெஞ்சிலேயே விட்டுவிட்டு வந்ததும் நினைவுக்கு வந்தது. சைக்கிளைத் திருப்பினார்.

அவ்வளவுதான். யாரோ முதுகில் கைவைத்துத் தள்ளுவதுபோல சைக்கிள் பறந்தது. மிதிக்கவே வேண்டாம். மூச்சு முட்டல் போன இடம் தெரியவில்லை. வேம்பாருக்குப் போன அதே சொகுசு. கடை வாசலில் வந்து நின்றபோது இன்பமணிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சீட்டும் இல்லை, பிடியும் இல்லை. வேம்பார் வரை அவரை ஓட்டிக்கொண்டு போனது முதுகுப் பக்கமிருந்து அடித்த கச்சான் காற்று. அவருடைய தாத்தா பாய் விரித்துக் கொழும்புக்குத் தோணி ஓட்டியவர். பேரன் தன்னையே பாயாக விரித்துவிட்டு, சைக்கிள் நன்றாக ஓடுகிறது என்று பதினோரு நிமிடம் வீடியோ போட்டிருக்கிறான்.

“திருச்செந்தூர் பஸ் வருது” என்றாள் இசக்கியம்மாள். “சைக்கிள் இங்கன நிக்கட்டும். நீங்க ஏறுங்க.”

ஏறினார்.

திருச்செந்தூரில் அடுத்த பஸ் வர வெகுநேரம் ஆயிற்று. மணப்பாட்டில் இறங்கியபோது பத்தே முக்கால். கோயிலுக்குப் போகும் தெருவின் முனையில் பெரிய ஃபிளெக்ஸ், எல்லாம் அந்தப் பதினோரு நிமிட வீடியோ செய்த வேலை. ஹெல்மெட்டும் கறுப்புக் கண்ணாடியுமாக இன்பமணி அதில் கட்டைவிரலை உயர்த்திக்கொண்டிருந்தார். ‘தூத்துக்குடியிலிருந்து சைக்கிளில் வருகை தரும் சாதனைச் செம்மலே, வருக!’ இருபது பேர் நின்றார்கள். இரண்டு பேர் கழுத்தில் டிரம். ஒருவர் கையில் சால்வை. எல்லோரும் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பஸ்ஸிலிருந்து இறங்கியவரை ஒருவரும் கவனிக்கவில்லை. வேறு வழியில்லாமல் அவரும் பின்வரிசையில் நின்று ரோட்டைப் பார்த்தார்.

“யாரு வாரா?” என்று பக்கத்தில் நின்றவரிடம் கேட்டு வைத்தார்.

“அந்தா படத்துல இருக்கான்லா. பஸ் ஓடுத ரோட்டுல சைக்கிள்ல வாரானாம், கிறுக்குப்பய.”

“நேரத்துக்கு வந்துருவானா?”

“கல்யாணத்துக்கே வரலையாம். இதுக்கு வரப்போறான்!”

எதிர்க்கடைச் சுவரில் யாருடைய சைக்கிளோ பூட்டாமல் சாய்த்து வைத்திருந்தது. இன்பமணியின் கண் அதில் போய் நின்றது. பின்தெரு வழியாக எடுத்துப் போய், மெயின் ரோட்டில் ஏறி, வேர்வை வழிய இந்த ஃபிளெக்ஸுக்குக் கீழே வந்து இறங்கினால்? டிரம் அடிப்பார்கள். சால்வை விழும். பிராங்க்ளின் முகம் சுருங்கும். பத்து நிமிடம் போதும். கை ஹேண்டில்பாரைப் பிடித்தும் விட்டது.

கோயில் மணி அடித்தது.

இன்பமணி கையை எடுத்தார். கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடினார். “யாருய்யா அது, மரியாதையில்லாம!” என்று சால்வைக்காரர் கத்தினார்.

உள்ளே குழந்தையோடு ஈவாஞ்சலின் மகள் நின்றிருந்தாள். மெழுகுதிரி பிராங்க்ளின் கையில் இருந்தது. ஈவாஞ்சலின் அண்ணனை மேலும் கீழும் பார்த்தாள்.

“சைக்கிள் எங்க?”

“பழையகாயல்ல. டீக்கடையில.”

“நீ?”

“பஸ்ல வந்தேன்.” குரல் இறங்கிப் போயிருந்தது. “எதுக்காத்தும்மா. விஜிலா சொன்னா. நான்தான் கேக்கல.”

ஈவாஞ்சலின் சிரிப்பை அடக்க லேஞ்சித் துணியால் வாயைப் பொத்திக்கொண்டாள். அடங்கவில்லை, சாமியாரே நிமிர்ந்து பார்த்தார். அண்ணன் முன்னால் அவள் சிரித்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பிராங்க்ளின் கையிலிருந்த மெழுகுதிரியை வாங்கி இன்பமணியிடம் கொடுத்தாள். விஜிலா வேட்டிப் பையை நீட்டினாள், மாற்ற நேரமில்லை. முழங்காலில் கிரீஸ் கறையோடு, குட்டைக் கால்சட்டையில், அவர் குழந்தைக்குப் பக்கத்தில் நின்றார்.

சாமியார் ஜெபத்தைத் தொடங்கினார். வெளியே டிரம்காரர்கள், ரோட்டில் ஏதோ ஒரு சைக்கிளைக் கண்டுவிட்டார்கள் போலிருக்கிறது, டிரம்மை அடித்து நொறுக்கினார்கள்.

“யாருக்கு அடிக்காங்க?” என்று பிராங்க்ளின் மெதுவாகக் கேட்டான்.

“தெரியலடே” என்றார் இன்பமணி. “நேரத்துக்கு வந்துட்டான் போல.”