மாமியாரை உட்கார விடாதவள்

1.

இந்தக் கதை எனக்குப் பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற பஸ்ஸில் கிடைத்தது. எண்பத்திரண்டாம் வருஷம். முன் சீட்டு அம்மாள் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்: "மவன் சிமெண்ட் பேக்டரில சம்பளம் வாங்குறான். மாமியாளுக்கு வரகுச் சோறு போடுறா அந்தப் பூங்காவனம். வெங்காயக் காட்டுக்கு வேற ஓட்டிக்கிட்டுப் போறா."

எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான். மீதியெல்லாம் என் சரக்கு.

2.

முதல் தொடக்கம்: "பூங்காவனத்தின் கண்களில் ஈவிரக்கமே..." (நிறுத்திவிட்டேன். அவள் கண்களை நான் பார்த்ததே இல்லை.)

இரண்டாம் தொடக்கம்: காத்தாயி அறுபது வயது வரை கூலி வேலை பார்த்தவள். மகன் அய்யம்பெருமாளுக்கு வேலை கிடைத்ததும், "இனிமே நீ காலாட்டிக்கிட்டு சாப்புடும்மா" என்றான். ஃபேனுக்குக் கீழே நாற்காலி போட்டான். மூன்று வேளையும் நெல்லுச் சோறு, சர்க்கரை தூக்கலாகக் காப்பி, பன். அவன் பாசத்தில் ஒரு குறை சொல்ல முடியாது. இரண்டே வருஷத்தில் காத்தாயி, என்றோ விற்ற மாட்டைத் தேட ஆரம்பித்தாள். மருமகளைப் பார்த்து, "யாரு வந்திருக்கா?" என்று கேட்டாள்.

"வயசாச்சுல்ல" என்றான் மகன்.

பூங்காவனம் ஒத்துக்கொள்ளவில்லை. [அவளைப் படித்தவளாக்கிப் பார்த்தேன், ஒட்டவில்லை.] அவள் கவனித்தது ஒன்றுதான். சண்டை வந்துவிட்டால் மாமியாருக்குப் புத்தி தெளிந்துவிடுகிறது.

3.

அதனால் நாற்காலியை எடுத்துவிட்டு, நெல்லுச் சோற்றுக்குப் பதில் வரகும் கீரையும் போட்டு, மாமியாரை வெங்காயக் காட்டுக்குக் கூட்டிப்போனாள்; தினமும் நடக்கும்போது வேண்டுமென்றே வம்பிழுத்தாள்.

"அத்த, பூமாலையும் ராசாங்கமும் பங்காளிதான?"

"கூறுகெட்டவளே! பூமாலையோட மவளத்தானடி ராசாங்கம் கட்டியிருக்கான்? மாமன் மொறைடி!"

காடு வருவதற்குள் காத்தாயி பாதி ஊரின் உறவை நேராக்கிவிடுவாள். இப்படிச் சரியாகத் தப்புச் சொல்ல எவ்வளவு கெட்டிக்காரத்தனம் வேண்டும்! நான் இவளையா கொடுமைக்காரியாக எழுதப் பார்த்தேன்?

ஊருக்கு இதெல்லாம் தெரியாது. வெங்காயம் உரிக்கிற கண்ணில் தண்ணீர் வந்தால், கிழவி அழுகிறாள் என்றது.

(ஓரக்குறிப்பு: நடையும் வரகும் கீரையும் சண்டையும் மூளைக்கு மூப்பு வராமல் தடுக்குமா என்று ஒரு டாக்டரிடம் கேட்டேன். "கொஞ்சம் தள்ளிப்போடலாம் சார். நிறுத்த முடியாது" என்றார். கதையிலும் அதற்கு மேல் நான் கேட்கப்போவதில்லை.)

4.

பூங்காவனத்தைப் பிறந்த வீட்டுக்கு அனுப்புவது என்று சொந்தக்காரர்கள் கூடிவிட்டார்கள். காத்தாயியின் தம்பி செல்லமுத்து கேட்டார்:

"சொல்லுக்கா. மருமவ ஒன்னப் படுத்துறாளா?"

முடிவு ஒன்று: "இவ என் குலசாமி" என்று காத்தாயி... (அப்படிப் பேசுகிற வாய் இல்லை அது. அடித்துவிட்டேன்.)

முடிவு இரண்டு: காத்தாயி மருமகளை உற்றுப் பார்த்து, "இவ யாரு..." (முடிக்க எனக்கு மனசு வரவில்லை.)

மூன்றாவதை அவளே சொன்னாள்:

"படுத்துறாதான். பொழுதன்னிக்கும் தப்புத் தப்பாப் பேசுறா. அதுக்காவ அனுப்பிடுவியளா? இவ போயிட்டா நான் யாரோட மல்லுக்கு நிக்கிறது? நீ வந்து நிக்கிறியாடா?"

செல்லமுத்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். அய்யம்பெருமாள் மட்டும் மனைவியின் துணிப்பையைப் பிடித்தபடி நிற்கிறான். நல்ல பிள்ளை. ஊர் என்ன சொல்லும் என்று பயப்படுகிறான். நான் சொன்னால், கதை எழுதுகிறவனுக்கு என்ன தெரியும் என்பான். உங்களுக்கும் அம்மா உண்டு. அந்தப் பையை அவன் கையிலிருந்து நீங்கள்தான் வாங்கி வைக்கவேண்டும்.