பூவின் மேல் தண்ணீர் கேன்

என் மனைவியை அவள் அண்ணன் இன்றைக்கும் 'கத்திரி' என்றுதான் கூப்பிடுகிறார். ஏன் என்று யாராவது கேட்டால் போதும், மச்சான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஆரம்பித்துவிடுவார். அவளுக்கு அப்போது எட்டு வயது. அவருக்கு மறுநாள் பூகோளப் பரீட்சை. அட்லஸைத் திறந்தால் உலகத்தில் கடலே இல்லை. நிலமெல்லாம் அப்படியே இருக்க, நீல நிறத்தை மட்டும் ஓரம் பிசகாமல் வெட்டி எடுத்திருந்தாள். வகுப்பு டீச்சருக்கு ஒரு கார்டு செய்ய வானம் தேவைப்பட்டதாம். மச்சான் அந்தப் பரீட்சையில் தேறாததற்கு வேறு காரணங்களும் இருந்திருக்கும் என்பது என் கணிப்பு. ஆனால் முப்பத்தைந்து வருடமாகப் பழி முழுவதும் கத்திரி மேல்தான்.

கல்யாணத்துக்குப் பிறகும் அந்தக் கை ஓயவில்லை. புதுச் சட்டைக்குள் வைத்து வரும் அட்டையை நான் ஒருநாளும் முழுசாகப் பார்த்தது கிடையாது. மாத்திரை டப்பா, டீத்தூள் பாக்கெட்டின் உள்பக்கத் தங்கக் காகிதம், மின்சார பில்லின் வெள்ளையான பின்பக்கம் எல்லாம் அவள் கண்ணில் பட்ட மறுநாள் யாருக்காவது வாழ்த்து கார்டாகப் போய்விடும். வாங்கிக்கொண்டவர்கள் எல்லாரும், "இதை விக்கலாமே நீ" என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்துவிட்டுப் போனார்கள். அவளும் பதினாறு வருடம் மூக்குக் கண்ணாடிக் கடையில் உட்கார்ந்து, கடுகு அளவு திருகாணிகளை முடுக்கிக்கொண்டிருந்தாள்.

மகள் வேலை கிடைத்து வெளியூர் போனாள். அறை காலியானது. கத்திரி கடை முதலாளியிடம் போய் மூன்று மாதம் விடுப்பு கேட்டாள். அவர் நல்ல மனிதர். மூன்று மாதம் வரை வேறு ஆளை வைக்க மாட்டேன், அதற்கு மேல் என்னால் தாங்காது என்றார். மகளின் கட்டில் சுவரோடு ஒதுங்கியது, நடுவில் ஒரு மேஜை வந்தது, கார்டு வியாபாரம் தொடங்கியது.

நான் அச்சகத்தில் மெஷின்மேன். மணிக்கு எட்டாயிரம் தாள் ஓட்டுகிறவன். கத்திரி ஒரு நாளைக்கு நாலு கார்டு செய்வாள், மனசு நன்றாக இருந்தால் ஐந்து. சும்மா இருக்க முடியுமா என்னால். நீ ஒரு பூவை ஒட்டி நிமிர்வதற்குள் நான் ஒரு ஊருக்கே அழைப்பிதழ் அடித்துவிடுவேன் என்று தினமும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் அவள் தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"நீங்க அடிச்சதுல ஒண்ணாவது நம்ம வீட்டுல இருக்கா?"

யோசித்துப் பார்த்தேன். முப்பது வருடத்தில் எத்தனை கோடித் தாள் என் கை வழியாகப் போயிருக்கும். சுவரில் தொங்கிய காலண்டர்கூட மருந்துக் கடையில் கொடுத்தது, வேறு அச்சகத்தில் அடித்தது. துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனேன். அது உறைத்தது என்பதை அவளிடம் சொல்லவில்லை.

முதல் இரண்டு மாதம் ஒன்றும் பெரிதாக நடக்கவில்லை. மூன்றாவது மாதத் தொடக்கத்தில் ஒரு பல் டாக்டர் அம்மா வந்தார். முப்பத்திரண்டு வருடம் நடத்திய கிளினிக்கை மூடப் போகிறார். கூட வேலை பார்த்தவர்களுக்கும், ரொம்ப நாள் வாயைத் திறந்து காட்டியவர்களுக்கும் நன்றி சொல்லி ஆளுக்கொரு கார்டு தர வேண்டுமாம். நூறு கார்டு. மூன்று வாரம் கழித்து ஞாயிற்றுக்கிழமை கூட்டம், அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை கார்டு கையில் வேண்டும். மாதிரிகளை ஒவ்வொன்றாக எடுத்து, கடைவாய்ப் பல்லைப் பார்ப்பதுபோல் விளக்குக்கு நேரே சாய்த்துப் பார்த்து, நாலடுக்குப் பூ வைத்த ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்.

அவர் போன பிறகு கத்திரி என்னிடம் தெளிவாகச் சொன்னாள். இதை ஒழுங்காகச் செய்து கொடுத்தால் அவள் இந்த மேஜையிலேயே இருப்பாள். சொதப்பினால் ஒன்றாம் தேதி கண்ணாடிக் கடை. அதற்குப் பிறகு கார்டு பேச்சையே எடுக்க மாட்டாள். அவள் சொன்னால் சொன்னதுதான் என்று எனக்குத் தெரியும், அதனால் அன்றைக்கு நான் கேலி எதுவும் செய்யவில்லை.

இரண்டு வாரம் அட்டைகளை மடித்தாள், ஓரங்களையும் இதழ்களையும் வெட்டினாள், ஒவ்வொருவருடைய பெயரையும் எழுதினாள். பூ ஒட்டுவதை மட்டும் கடைசி வாரத்துக்கு வைத்துக்கொண்டாள். முன்னாலேயே ஒட்டினால் இதழ்களுக்குள் தூசி புகுந்துவிடுமாம். திங்கட்கிழமை காலையிலிருந்து மாலை வரை நூறு பூவையும் ஒட்டி, கட்டில், தரை, ஜன்னல் திட்டு, வாஷிங் மெஷின் மேல் என்று பரப்பிக் காய வைத்துவிட்டு, உறை வாங்கக் கடைக்குப் போனாள்.

அந்த நேரம் பார்த்து நான் வேலை முடிந்து வந்தேன்.

இங்கே என் தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அச்சகத்தில் முடிந்த சரக்கைப் பரப்பிப் போட்டுவிட்டுப் போனால் அவன் வேலைக்காரனே இல்லை. நாலு பக்கமும் தட்டி ஒன்றாக்கி, மட்டமாக அடுக்கி, மேலே பலகை போட்டு, பலகை மேல் பாரம் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் தாள் சுருண்டுகொள்ளும். சேர்ந்த முதல் வாரத்தில் இதற்காகத் தலையில் குட்டு வாங்கியவன் நான். அதற்குப் பிறகு ஒருநாளும் தவறியதில்லை.

வீடு முழுக்க கார்டு பரப்பிக் கிடப்பதைப் பார்த்ததும் எனக்கு அவள் மேல் பாசம் பொங்கியது. பாவம், தனியாக எவ்வளவுதான் செய்வாள் என்று நினைத்தேன். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டேன். நூறு கார்டையும் பொறுக்கி எடுத்து, தட்டி, இரண்டு அடுக்காக மட்டமாக வைத்தேன். பூ கொஞ்சம் புடைத்துக்கொண்டுதான் நின்றது. பாரம் வைத்தால் சரியாகிவிடும் என்று தோன்றியது. அலமாரிப் பலகையைக் கழற்றி மேலே போட்டு, அதன் மேல் இருபது லிட்டர் தண்ணீர் கேனைத் தூக்கி வைத்தேன். பிறகு டீ போட்டுக்கொண்டு, அவள் வந்து என்ன சொல்லப் போகிறாள் என்று நாற்காலியில் சந்தோஷமாக உட்கார்ந்திருந்தேன்.

உறைக் கட்டோடு உள்ளே வந்தவள் கட்டிலைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், கேனைப் பார்த்தாள்.

"பூவெல்லாம் எங்க?" என்றாள்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. கேனை இறக்கிப் பலகையை எடுத்தோம். பசை காயாத பூக்கள் சப்பட்டையாகி, ஒவ்வொன்றும் மேலே இருந்த கார்டின் முதுகில் ஒட்டியிருந்தது. பிரித்தால் பூ ஒரு பக்கம் வந்தது, இதழ் ஒரு பக்கம் வந்தது.

திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன். திட்டவில்லை. கட்டிலில் உட்கார்ந்து ஒரு கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நீங்க தப்பா ஒண்ணும் செய்யல. உங்க வேலைக்கு இது சரிதான்" என்றாள். அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் எதிரில் அழவும் வெட்கமாக இருந்தது, ஆகவே கேனை அதன் இடத்தில் வைக்கப் போகிறவன்போல் சமையலறைக்குப் போனேன்.

டாக்டர் அம்மாவுக்குப் போன் செய்து ஒரு நாள் கூடுதலாகக் கேட்டாள். சனிக்கிழமை மதியம் வரை தருவதாக அவர் சொன்னார். கார்டுகளில் அறுபத்து மூன்று தேறின, மற்றவற்றைப் புதிதாகச் செய்ய வேண்டும். பூ நூறும் புதிது. நான் ஐந்து நாள் லீவு போட்டேன். பிராயச்சித்தமாக ஒரு யோசனையும் சொன்னேன். அச்சகத்தில் வெட்டும் அச்சு வைத்து ஒரே மதியத்தில் இதழ்களை வெட்டிக் கொண்டு வந்துவிடுகிறேன், ஒன்றுபோல் இருக்கும், யாருக்கும் தெரியாது.

"அப்ப அதுக்கு நான் எதுக்கு?" என்று கேட்டுவிட்டு, இரவு பகல் பாராமல் வெட்ட ஆரம்பித்தாள்.

எனக்கு அட்டை மடிக்கும் வேலை மட்டும் தரப்பட்டது. பசை டப்பா என் கைக்கு எட்டாத தூரத்தில் வைக்கப்பட்டது. இரண்டு நாள் அவள் என்னிடம் பேசியது மொத்தம் பத்து வார்த்தை இருக்கும், அதில் ஆறு 'தள்ளுங்க'.

புதன்கிழமை சாப்பிட்டுவிட்டு அவள் அரை மணி நேரம் கண்ணயர்ந்தாள். நான் குப்பைக் கூடையிலிருந்து ஒரு அட்டைத் துண்டும் சிவப்புக் காகிதமும் எடுத்தேன். அவளுடைய சின்னக் கத்தரிக்கோலில் என் கட்டைவிரல் நுழையவே இல்லை. எட்டாயிரம் தாள் ஓட்டுகிற கைக்கு ஒரு இதழை வளைத்து வெட்ட வரவில்லை. நாலடுக்கு என்று தொடங்கி, இரண்டோடு நிறுத்தினேன். பார்க்க, நாய் கடித்துப் போட்ட செருப்புபோல இருந்தது. ஒட்டும்போது கட்டைவிரல் ரேகையும் பசையோடு பதிந்துவிட்டது. உள்ளே எழுதினேன்: 'மன்னித்துவிடு. இனி எதன் மேலும் எதையும் வைக்க மாட்டேன்.' அவள் கத்தரிக்கோல் பக்கத்தில் நிறுத்திவிட்டு அட்டை மடிக்கப் போய்விட்டேன்.

எழுந்து வந்து பார்த்தாள். திறந்தாள், படித்தாள், மூடினாள். பின்னால் இருந்த அலமாரித் தட்டில் வைத்தாள். ஆனால் அன்றைக்கு டீ கேட்காமலே வந்தது.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு நூறாவது பூ ஒட்டினாள். ஒரு மணிக்கு டாக்டர் அம்மா வந்தார். நூறையும் சாய்த்துப் பார்த்தார். ஒன்றிலும் சொத்தை இல்லை. பையில் அடுக்கிக்கொண்டே நிமிர்ந்தவர் கண்ணில் அலமாரித் தட்டு பட்டது.

அது என்ன என்று கேட்டார். கத்திரி எடுத்துக் கொடுத்தாள். நான் கதவுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன். அவர் அதைத் திறந்து படித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார், தங்கையோடு பேசி இரண்டு வருடம் ஆகிறதாம். நாலு பேர் முன்னால் அவள் பல்லைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டாராம். அவர் தொழிலில் வாய் இப்படித்தான் வந்துவிடுகிறது.

"உங்க கார்டெல்லாம் ரொம்ப அழகு. ஆனா மன்னிப்புக் கேக்கறப்ப அவ்ளோ அழகா இருந்தா, காசு குடுத்து வாங்கினதுன்னு அவளுக்குத் தெரிஞ்சிடும். இதைப் பாருங்க, யாரோ தவிச்சிருக்காங்க. இதை எனக்குக் குடுத்திடுங்களேன்."

"அது விக்கிறதுக்கு இல்ல டாக்டர்" என்றாள் கத்திரி. அப்படியென்றால் இதேபோல் ஒன்று செய்து தரச் சொன்னார் அவர். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு, கத்தரிக்கோலையும் சிவப்புக் காகிதத்தையும் அவர் முன்னால் வைத்தாள். இதை நீங்களேதான் வெட்ட வேண்டும், நான் பக்கத்தில் இருக்கிறேன் என்றாள்.

முப்பத்திரண்டு வருடம் பல்லைத் தோண்டிய கை. இதழ் கடைந்தெடுத்ததுபோல் வந்து விழுந்தது. கத்திரி அதை எடுத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"இடது கையால வெட்டுங்க டாக்டர்."

அதற்குப் பிறகு வந்தது ஒரு பூ. என்னுடையது அதற்கு எவ்வளவோ தேவலை. டாக்டர் அம்மா அதை நூறு கார்டோடு சேர்க்காமல், நசுங்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு காரில் ஏறினார்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் நூறு பேருக்கும் கார்டு போனது. அதில் ஏழு பேர் மறுநாளே வந்து எங்களுக்கும் செய்து தா என்றார்கள். தங்கை பேசிவிட்ட கதையை டாக்டர் அம்மா எல்லாரிடமும் சொல்லியிருக்க வேண்டும். புதன்கிழமையிலிருந்து வேறு ஒரு வகை ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தெரியும். முகத்தில் ஈயாடாது. மேஜையில் உட்கார வைத்து, எந்தக் கை பழகியதோ அதற்கு எதிர்க் கையில் கத்தரிக்கோலைக் கொடுப்பாள். பெரிய கம்பெனி மேனேஜர் ஒருவர் நாக்கைத் துருத்திக்கொண்டு ஒரு மணி நேரம் இதழ் வெட்டியதை நானே பார்த்தேன். அடுத்த ஞாயிறு மச்சான் வந்து, உலகத்துக்கே மன்னிப்புக் கேட்கக் கற்றுத் தருகிறாயே, என் கடல் என்ன ஆச்சு என்றார். கத்திரி நீலக் காகிதம் ஒரு தாளை எடுத்து நீட்டி, ஒட்டிக்கொள் என்றாள்.

ஒன்றாம் தேதி காலையில் கண்ணாடிக் கடை முதலாளியே நேரில் வந்துவிட்டார். அவருக்குப் போட்ட காபி டம்ளரோடு நான் சமையலறை வாசலில் நின்றுவிட்டேன். நாற்காலி காத்திருக்கிறது, எப்போது வருகிறாய் என்று கேட்டார். அவள் இனி வரவில்லை என்று சொன்னாள். அவர் தலையாட்டினார், எதிர்பார்த்ததுதான் என்றார். எழுந்திருக்காமல் தொண்டையைச் செருமிக்கொண்டார். மனைவிக்குத் தானே பார்த்து எடுத்துக் கொடுத்த கண்ணாடியை அந்த அம்மா போட்டுக் காட்டியதும், இது வேறு யாருக்காவது நன்றாக இருக்கும் என்று இவர் சொல்லிவிட்டாராம். நாலு நாளாக வீட்டில் சமையல் உண்டு, பேச்சு இல்லை.

கத்திரி நாற்காலியை இழுத்துப் போட்டாள். இடது கையில் கத்தரிக்கோலை வாங்கிக்கொண்டவர் அலமாரித் தட்டைப் பார்த்துச் சிரித்துவிட்டார். அந்தக் கார்டு மேல் இப்போது ஒரு கண்ணாடி டப்பா கவிழ்த்து வைத்திருக்கிறாள், பூ நசுங்காமல் இருக்க. இவ்வளவு மோசமாக யார் வெட்டியது, வந்ததிலேயே பெரிய பாவி யார் என்று கேட்டார்.

"எங்க வீட்டுக்காரர் செஞ்சது" என்றாள் கத்திரி. "அதைப் பாத்துதான் இதெல்லாம் ஆரம்பிச்சேன்."

பெருமையாகத்தான் சொன்னாள். குரலை வைத்து எனக்குத் தெரியும். காபி ஆறுகிறது என்று அறைக்குள்ளேயிருந்து கத்தினாள், நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு எடுத்துப் போனேன். டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல், அவள் இடம் காட்டும் வரை கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றேன்.